92-ஆ, 95-ஆ: ஜீப்புக்கு எதை அடிப்பது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியைக் கடந்து வடக்கே போகும் வாகனங்களைப் பார்த்தாலே, எத்தனை வீடுகளுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வாடகைக்கு எடுத்த பிராடோ, மச்சானிடம் இரவல் வாங்கிய ஹரியர், கொழும்பிலிருந்து வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்5. கிளிநொச்சியில் ஒரு பிராடோ பெற்றோல் ஷெட்டுக்குள் திரும்பியதும் முன்சீட்டில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி, "தம்பி, 95 அடியுங்கோ" என்கிறார். ஓட்டுகிறவர் வாய் திறப்பதில்லை. அந்தப் பிராடோ 92-இலேயே ஓடிப் பழகியது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காசு கொடுப்பவர் லண்டன் சித்தப்பா.

பெற்றோலைத் தெரிவு செய்வதில் இப்போது சித்தப்பாமாரும் நாகரிகமும்தான் முன்னுக்கு நிற்கின்றன. வாகனம் விலை கூடியதென்றால் பெற்றோலும் விலை கூடியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது. அந்த எண்ணத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2025 ஜூலையில் ஒக்டேன் 92 லீற்றர் 305 ரூபாய், ஒக்டேன் 95 லீற்றர் 341 ரூபாய். அறுபது லீற்றர் தாங்கியை ஒருமுறை நிரப்பினால் 2160 ரூபாய் வித்தியாசம். மாதம் நான்கு முறை நிரப்புபவருக்கு வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். 2022 ஜூன் இறுதியில், நாடே வரிசையில் நின்ற காலத்தில், 92 விலை 470, 95 விலை 550. அந்த 80 ரூபாய் வித்தியாசத்தையும் கொடுத்து 95 தேடியவர்கள் இருந்தார்கள்.

ஒக்டேன் எண் பெற்றோலின் பலத்தைக் காட்டுவதில்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெற்றோலையும் நெருக்கும்போது, பிளக்கின் பொறியில் தொடங்கிய தீ முழுவதும் பரவுமுன் மிச்சக் கலவை தானாகவே வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அப்படித் தானாக வெடித்தால் எஞ்சின் 'டிக் டிக்' என்று தட்டும். நொக்கிங் என்பது அதுதான். நெருக்கம் கூடிய எஞ்சினுக்கும் ரேர்போ பூட்டிய பல எஞ்சின்களுக்கும் உயர்ந்த ஒக்டேன் வேண்டும். நெருக்கம் குறைந்த எஞ்சினுக்கு அதைக் கொடுத்தால் அது வேறு பெற்றோல் என்றுகூட அந்த எஞ்சினுக்குத் தெரியாது. லீற்றருக்குள் இருக்கும் சக்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

இந்தப் பாடத்தை வன்னிக்கு வெளியாட்கள் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. 1990-களில், போர்க்காலத்தில், பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. மண்ணெண்ணெய்தான் ஓரளவு கிடைத்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உதைத்து ஸ்ராட் ஆக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய ஒஸ்டின் ஏ40-களும் மொறிஸ் மைனர்களும் அப்படியே, வெள்ளைப் புகையைக் கக்கியபடி, ஆட்களையும் நெல்மூட்டைகளையும் சுமந்தன. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலுக்குப் பல படி கீழே. இருந்தும் அந்தக் கார்கள் ஓடின என்றால், அவற்றின் எஞ்சின் நெருக்கம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. அதற்கான தண்டனையும் கிடைத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது, தட்டலும் கேட்டது. எந்த எஞ்சின் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அன்றைய கராஜ்காரர்கள் காதாலேயே கற்றார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் தோட்டம் செய்தவர்களுக்கும் இது புதிதில்லை. பெற்றோலில் ஸ்ராட் ஆக்கி மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் மெசினை அவர்கள் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்று 'விலை கூடியது நல்லது' என்ற ஒற்றை வரியில் விஷயத்தை முடித்துவிடுவதுதான் வேடிக்கை.

இலங்கை வீதிகளில் ஓடும் ஜீப்புகளில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கான தர நிர்ணயம் குறைந்தது 89 ஒக்டேன், உயர்தரத்துக்குக் குறைந்தது 96. ஆக, அங்கே 'ரெகுலர்' குடித்துப் பழகிய வாகனத்துக்கு எங்கள் 92 ஏற்கெனவே ஒரு படி மேல். 2.7 லீற்றர் பெற்றோல் பிராடோவும் ஹொண்டா வெசலும் ரெகுலர் கூட்டம். ஹரியரில் மட்டும் கவனம் வேண்டும். அதன் ஹைபிரிட் ரெகுலர், ஆனால் 2 லீற்றர் ரேர்போ ஹரியர் ஜப்பானிலேயே உயர்தரம் கேட்பது. வெளியே ஒரே உருவம், உள்ளே வேறு எஞ்சின். பக்கத்து வீட்டு ஹரியரைப் பார்த்துப் பெற்றோல் அடிப்பவர் மாட்டுப்படுவது இங்கேதான். 4.6 லீற்றர் வி8 லாண்ட் குரூசரும் உயர்தரப் பக்கமே. பி.எம்.டபிள்யூ, ரேஞ்ச் ரோவர், மெர்சிடிஸ் போன்ற ஐரோப்பிய ஜீப்புகள் 95-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு 95 அடிப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

வெளிநாட்டு உறவினரின் ஆலோசனை பிழையாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோலே 95தான், அதற்குமேல் 97, 99. லண்டன் சித்தப்பாவுக்கு 92 என்ற எண் கழிவுபோலத் தெரிவது அதனால்தான். ரொரன்ரோவில் பம்பில் 87, 91 என்று இருக்கும். அங்கே எண்ணும் முறை வேறு. இரண்டு பரிசோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். அந்த 87 எங்கள் 92-க்கு நெருக்கம், அந்த 91 எங்கள் 95-க்கு நெருக்கம். ரொரன்ரோ மருமகன் 'எங்கட 91-ஐ விட இது ஒன்று கூடத்தானே' என்று எக்ஸ்5-க்கு 92 அடித்தால், சித்தப்பா செய்ததற்கு நேர்மாறான பிழை. காசு மிஞ்சும், எஞ்சின் முனகும்.

'95 போட்டால் இழுவை கூடும், எஞ்சின் சுத்தமாகும்' என்ற பேச்சுக்கு வருவோம். இதை நம்பிச் செலவழித்த காசை அமெரிக்காவில் கணக்கே போட்டார்கள். தேவையில்லாத வாகனங்களுக்கு உயர்தரப் பெற்றோல் அடித்து ஒரு வருடத்தில் 210 கோடி டொலர் வீணானதாக அந்நாட்டு வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-இல் அறிவித்தது. ரெகுலருக்குச் செய்யப்பட்ட எஞ்சின்களில் உயர்தரத்தால் இழுவையும் கூடவில்லை, எரிபொருளும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம், உயர்தரம் 'பரிந்துரைக்கப்படும்', ஆனால் கட்டாயமில்லாத வாகனங்களை எடுத்துச் சோதித்தார்கள். சராசரியாக 2.7 சதவீதம் எரிபொருள் மிச்சம். கிளிநொச்சிக் கணக்கில் இதைப் பார்த்தால், 2025 ஜூலையில் 95-க்குக் கொடுத்த மேலதிக விலை 12 சதவீதத்துக்குக் கிட்ட. ஆதாயத்தை விடச் செலவு நாலு மடங்கு.

சுத்தம் என்பதும் ஒக்டேனால் வருவதில்லை, அது பெற்றோலில் கலக்கும் சுத்திகரிப்புச் சேர்மானங்களின் வேலை. 95-க்குச் சார்பாக நேர்மையாகச் சொல்லக்கூடியது, இங்கே அது யூரோ 4 தரம் என்பது. கந்தகம் குறைவு, புகைக்குழாயில் உள்ள கற்றலிக் கொன்வேட்டருக்கு நல்லது. பதினைந்து வருடப் பழைய பிராடோவுக்கு அந்த நன்மைக்காக இவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா என்பது உரிமையாளரின் விருப்பம். கடைகளில் விற்கும் ஒக்டேன் பூஸ்டர் போத்தலுக்கு அந்த அளவு நியாயம்கூட இல்லை. அதை வாங்கும் காசுக்கு எயார் ஃபில்டர் மாற்றலாம்.

95 கட்டாயமான வாகனம் வைத்திருப்பவர்களுக்கு வன்னியில் வேறு சிக்கல். எல்லா ஷெட்டிலும் 95 இருப்பதில்லை. கிடைக்காத இடத்தில் 92 அடித்தால் உடனே எஞ்சின் உடைந்துவிடாது. தட்டலை உணரும் சென்சர் பொறியைப் பிந்தவைத்துச் சமாளிக்கும், இழுவை கொஞ்சம் குறையும். பாரம் ஏற்றாமல், மிதிக்காமல் போய், அடுத்த ஷெட்டில் 95 அடித்தால் சரி. பாதிப் பாதி கலந்தால் 93.5 அளவில் நிற்கும். ஏ9-இன் தட்டை நிலத்தில் 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் எஞ்சினுக்குப் பெரிய வேலையும் இல்லை. நடுப்பகல் வெயிலில் ஏழு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு லொறியை முந்தும்போதுதான் தட்டல் கேட்கும்.

உண்மையில் இந்த மண்ணுக்கு டீசல் ஜீப்புதான் பொருத்தம் என்பது இங்கே பலரின் கட்சி, இந்தக் கட்டுரையின் கட்சியும் அதுதான். அங்கே ஒட்டோ டீசலா, சுப்பர் டீசலா என்ற தெரிவு இன்னும் பாரதூரமானது. புகைவடி பூட்டிய புதிய டீசல் எஞ்சினுக்குக் கந்தகம் கூடிய டீசலை அடித்தால் பின்னால் வரும் செலவு பெரிது.

ஒரு ஜீப்பைப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும். கிரவல் வீதிப் புழுதியில் அறுவடைக் காலம் முழுக்க ஓடியபின் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கிறவர், ரயர்க் காற்றை மாதம் ஒருமுறை அளக்கிறவர், ஒயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர் 92-இலேயே நிறைய மிச்சம் பிடிக்கிறார். இது எதையும் செய்யாமல் 95 அடிப்பவர் ஊருக்குக் காட்டத்தான் அடிக்கிறார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபின், சின்ன ரேர்போ ஜீப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. ரேர்போ என்றதும் 95 என்று முடிவெடுக்க வேண்டாம். ரொயோட்டா ரேய்ஸின் 1 லீற்றர் ரேர்போ ஜப்பானில் ரெகுலர்தான். லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் எரிபொருள் மூடியின் உட்புறத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஐரோப்பிய வாகனமென்றால் எண்ணே இருக்கும். ஜப்பானிய வாகனமென்றால் அங்குள்ள எழுத்தைப் படமெடுத்துக் கைபேசியில் மொழிபெயர்த்தால் ரெகுலரா, உயர்தரமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். ஒட்டுத்தாள் கிழிந்திருந்தால் எஞ்சின் குறியீட்டை எழுதிக்கொண்டு, நம்பிக்கையான கராஜ்காரரிடம் கேட்டபின் விலை பேசலாம்.