கம்ப்யூட்டர் கண்ணுக்கு நம்ம ரோடு



நம்ம கூட்டுரோட்டில் சென்னை – திருச்சி நான்கு வழிச்சாலையும் விருத்தாசலம் – சின்னசேலம் சாலையும் சந்திக்கின்றன. பிறகு ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்று பிரிந்து போகும். தேசியம், மாநிலம், ஒன்றியம் என்பதெல்லாம் ரோட்டைப் பராமரிப்பது யார் என்பதைச் சொல்லும் பெயர்கள். அதில் எவ்வளவு வண்டி ஓடும் என்று அவை சொல்லாது.

அதை முன்கூட்டியே கணக்கிடுவதுதான் பயணத் தேவைக் கணிப்பு. எத்தனை பேர் கிளம்புவார்கள், எங்கே போவார்கள், எதில் போவார்கள், எந்த வழியில் போவார்கள்? நாலே கேள்வி. கடைசிக் கேள்விக்குப் புவித் தகவல் அமைப்பு ரொம்ப உதவும். அது கம்ப்யூட்டரில் உள்ள வரைபடம்தான். ஆனால் ஒவ்வொரு ரோட்டுக் கோட்டுக்கும் பின்னால் ஒரு அட்டவணை இருக்கும்: நீளம், அகலம், வேகம், எத்தனை வண்டி தாங்கும் என்று.

ஒரு கணக்கு பாருங்க. பெரிய ரோட்டில் 6 கி.மீ., வேகம் 60 என்றால் 6 நிமிஷம். குறுக்கே போகும் ஊர் ரோட்டில் 4 கி.மீ., வேகம் 20 என்றால் 12 நிமிஷம். அந்த ஊர் ரோட்டை யாராவது தவறான வகையில் சேர்த்து 60 என்று எழுதிவிட்டால் 4 நிமிஷம்தான்! உடனே கம்ப்யூட்டர் எல்லா லாரியையும் அந்தச் சந்துக்குள் அனுப்பிவிடும். ரோட்டை வகை பிரிப்பது அவ்வளவு முக்கியம்.

எத்தனை வண்டி தாங்கும் என்பதற்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எல்லாவற்றையும் காராக மாற்றி எண்ணுவார்கள். கார் 1, பைக் 0.5, பஸ் 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் 4.5. பெரிய மாட்டு வண்டி எவ்வளவு தெரியுமா? 8! (எங்க தாத்தாகிட்ட சொன்னேன், மீசையை முறுக்கிக்கிட்டார்.) சமவெளியில் ஒரு வழித்தட ரோட்டுக்கு ஒரு நாளைக்கு 2000 கார் அளவு, இரு வழித்தட ரோட்டுக்கு 15,000.

அந்தப் பட்டியலில் சைக்கிளுக்குக்கூட 0.5 உண்டு. நடந்து போகிறவர்களுக்கு எண்ணே இல்லை. நம்மில் பாதிப் பேர் நடந்துதானே பள்ளிக்கு வருகிறோம்? வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்களும் கணக்கில் வர மாட்டார்கள். அட்டவணையில் நமக்கும் ஒரு கட்டம் சேர்த்தால்தான், ரோடு ஓரமாக நடக்க இடம் வேண்டும் என்று எண்ணைக் காட்டிக் கேட்க முடியும்.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் கேட் ஓரமாக உள்ளேயே நின்று எண்ணலாம் என்று இருக்கிறோம். வண்டி தனி, ஆள் தனி, ஆடு தனி. வர விருப்பம் உள்ளவர்கள் கீழே பெயர் எழுதவும்.

– 9ஆம் வகுப்பு மாணவி