சூரிய ஒளியில் ஏ.சி. ஓடுமா?

நாக்பூரில் வெயில் 45 டிகிரியை நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மொட்டை மாடியில் சோலார் போட்டுவிட்டால் ஏ.சி.யை அதிலேயே ஓட்டிக்கொள்ளலாமா?" ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஓடும் என்பதும் சரி, ஓடாது என்பதும் சரி. எந்த விதத்தில் ஓடும், எந்த விதத்தில் ஓடாது என்று தெரிந்துகொண்டு பணம் போட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கிலோவாட்டும் யூனிட்டும்

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். குழாயில் தண்ணீர் விழும் வேகம் கிலோவாட் என்றால், வாளியில் சேர்ந்த தண்ணீர் யூனிட். 1 கிலோவாட் இழுக்கும் சாமான் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட் செலவாகும்.

1.5 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. முழு வேகத்தில் ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கும். அறை குளிர்ந்த பிறகு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சராசரியாக மணிக்கு 1 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரவில் 8 மணி நேரம், பகலில் 4 மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 12 யூனிட். ஆண்டில் 120 நாள் ஓட்டினால் 1,440 யூனிட்.

இனி சோலார் பக்கம். 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 365 நாளுக்கு 1,460 யூனிட். ஆக, "ஒரு ஏ.சி.க்கு 1 கிலோவாட் போதும்" என்று விற்பவர் சொன்னால், காகிதத்தில் அது பொய்யில்லை. ஆனால் நடைமுறையில் மூன்று இடங்களில் இந்தக் கணக்கு இடிக்கும்.

மூன்று இடைஞ்சல்கள்

ஒன்று, நாம் ஏ.சி.யை அதிகம் ஓட்டுவது இரவில். அப்போது பேனல் ஒரு யூனிட்டும் தராது. பகலில் உபரியாக வரும் மின்சாரத்தை நெட் மீட்டர் வழியாக மின் நிறுவனத்துக்குக் கொடுத்து, இரவில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். வங்கியில் போட்டு எடுப்பது போலத்தான்.

இரண்டு, வெப்பம். பேனலின் மேல் எழுதியிருக்கும் அளவு, பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். மே மாத நண்பகலில் பேனல் 65 டிகிரி வரை சுடும். அதனால் மட்டுமே 14 சதவீதம் போய்விடும். தூசி படிந்தால் இன்னும் குறையும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. பல மாநிலங்களில் நம் கணக்கில் சேரும் யூனிட்டுகளை நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஆம் தேதி தீர்த்துவிடுகிறார்கள். மிஞ்சிய யூனிட்டுக்குக் குறைந்த விலை போட்டுக் கணக்கை முடித்துவிட்டு, ஏப்ரல் 1 முதல் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். குளிர்காலம் முழுவதும் சேர்த்து வைத்தது, ஏ.சி. போடும் நேரம் பார்த்துக் கையை விட்டுப் போய்விடும்! ஆகவே ஆண்டுக் கணக்கைப் பார்க்கக் கூடாது. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஏ.சி.க்குத் தேவையானதை அந்த மாதங்களிலேயே பேனல் தர வேண்டும். நாளுக்கு 12 யூனிட் என்றால் 3 கிலோவாட் வேண்டும். மற்ற மாதங்களில் அதுவே வீட்டுச் செலவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 300 சதுர அடி தேவை. செலவு ஏறக்குறைய ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மானியம் பின்னால்தான் வங்கிக் கணக்கில் வரும். முதலில் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மின்வெட்டின்போது

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சோலார் போட்ட முதல் கோடையிலேயே நடுப்பகலில் மின்சாரம் போயிற்று. மாடியில் வெயில் கொளுத்துகிறது, கீழே ஏ.சி. நின்றுவிட்டது. மேல் மாடி அறையில் 80 வயதைத் தாண்டிய அம்மா. ஏமாற்றிவிட்டார்களோ என்று பதறிப் போனார்கள். யாரும் ஏமாற்றவில்லை. நெட் மீட்டரோடு இணைந்த சோலார், தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

காரணம் லைன்மேனின் உயிர். இருப்புப்பாதைக்கு மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பியில் வேலை என்றால், சப்ளையை நிறுத்தியாயிற்று என்ற சொல்லை மட்டும் நம்பி யாரும் கை வைக்க மாட்டோம். வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் செய்த பிறகே ஏறுவார்கள். எங்கிருந்து மின்சாரம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. தெருக் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கும் நம் மாடியிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது அல்லவா?

அப்படியானால் பேட்டரி வைக்கலாமே என்பீர்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு நாம் வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். அதில் பாதியை எடுத்தால்தான் பேட்டரி நீடிக்கும். இரவு முழுவதும் ஏ.சி. ஓட 8 யூனிட் என்றால், இப்படிப்பட்ட பேட்டரிகள் 9 வேண்டும். நாலைந்து ஆண்டில் அத்தனையையும் மாற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி நீடித்து உழைக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். என் யோசனை இதுதான்: மின்வெட்டுக்கு மின்விசிறி, விளக்கு, வேண்டுமானால் ஒரு சிறு கூலர், இவற்றுக்கு மட்டும் தனி இன்வெர்ட்டரும் பேட்டரியும் வையுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்த பிறகே சோலாரைப் பற்றி யோசியுங்கள்.

செலவில்லாத சேமிப்பு

நாக்பூரில் ஏப்ரல், மே மாதங்கள் வறண்ட வெப்பம். 200 வாட் கூலரே நன்றாக வேலை செய்யும். மழை தொடங்கிக் காற்று ஈரமான பிறகுதான் கூலர் பயன்படாது. ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பேனல் போட்டால் அதன் நிழலும் மாடியைக் காக்கும்.

நம்மில் பலர் மே மாதத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறோம். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நம் வழக்கம். சோலார் இணைப்பு அதற்கு உட்பக்கம் இருந்தால் அதுவும் நின்றுவிடும், ஒரு மாத உற்பத்தி வீணாகும். எந்த சுவிட்சை அணைக்கலாம் என்று பொருத்தியவரிடம் கேட்டு, அதில் சீட்டு ஒட்டி வையுங்கள். அந்த மாதம் சேரும் 350 யூனிட், மேகம் மூடிய ஆகஸ்டில் கை கொடுக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் மாற்றல் வரக்கூடியவர்களும் இதில் இறங்க வேண்டாம். நல்ல ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்குங்கள், அது கூடவே வரும். அடுக்குமாடியில் மாடி எல்லோருக்கும் பொது. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மற்றவர்கள் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மே மாதத்தில் எத்தனை யூனிட் வரும்? மார்ச் 31-இல் மிஞ்சும் யூனிட்டுக்கு என்ன விலை? மின்சாரம் நின்றால் எந்தெந்த சாமான்கள் ஓடும்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.