யட்டியாந்தோட்டையில் குளிர்காலப் பயிர்

கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டை களனிப் பள்ளத்தாக்கின் தாழ்நிலம். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் கரட்டையும் லீக்ஸையும் இங்கு விளைவிக்க முயல்வோர் பெரும்பாலும் ஏமாறுவர், வெப்பமே காரணம். எனினும், மழை தணிந்து இரவு குளிரும் தையும் மாசியும் நமக்கு வாய்த்த சிறு குளிர்காலமாகும். அப்பருவத்தில் முள்ளங்கி ஏறத்தாழ 45 நாளிற் கிழங்கு தரும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து மார்கழி இறுதியில் விதைத்தல் வேண்டும். பிந்தினால் பங்குனி வெயிலில் இலை குன்றிப் பூத்துவிடும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமைப்பின் மழை மண்ணை அரித்துச் செல்லாது.

2022ஆம் ஆண்டு விலைவாசி உயர்ந்தபோது, தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடைக் காய்கறி எட்டாக்கனியாயிற்று. லயத்தருகே ஒரு பாத்தி இருப்பின் அத்துன்பம் சிறிதேனும் குறையும். மார்கழி விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒரு பிடி விதையேனும் கொண்டு செல்வாராக.