படம் பிடிக்கப்படும் ஊரிலிருந்து படம் பார்த்தல்

ஆடி பிறந்தால் எங்கள் கரையோர ஊரான உடப்புக்குக் கமெராக்கள் வரும். திரௌபதை அம்மன் கோயில் தீமிதியைப் பிடிக்கக் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் நேரத்தோடு இடம் பார்த்து நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது நெருப்பு. அதற்கு முந்திய நாட்களின் பாரதக் கதை, விரத வீடுகளின் அடுப்படி, கரையில் விடிய முன்னம் நடக்கும் கதைபேச்சு எதுவும் பிறகு வெளியாகும் நாலு நிமிடப் படத்தில் இராது. குறையாகச் சொல்லவில்லை. நாலு நிமிடத்தில் நெருப்பைத்தான் காட்டலாம்.

ஆனால் இதில் எனக்கொரு லாபம் இருந்தது. ஈரான் படத்தையும் இத்தாலிப் படத்தையும் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில், நான் படம் பிடிக்கப்படும் ஊர்க்காரன் என்பதுதான். கமெரா எதை வெளியே விட்டுவிட்டுப் போகிறது என்று பார்த்தே வளர்ந்தவன். திரைப்படக் கல்லூரியில் படித்தவருக்கு என்னைவிட நிறையத் தெரியும். இந்த ஒன்று எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். என் விமர்சனம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

அப்பாஸ் கியரொஸ்தமியின் ‘காற்று நம்மைக் கொண்டுசெல்லும்’ 1999இல் வந்தது. அவ்வாண்டு வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் பெற்றது. தெஹ்ரானிலிருந்து ஒரு குழு குர்திய மலைக் கிராமம் ஒன்றுக்கு வருகிறது. சாகக் கிடக்கும் கிழவியின் இழவுச் சடங்கைப் படம் பிடிப்பது அவர்கள் எண்ணம். கிழவியோ சாகிறாளில்லை. குழுத்தலைவனின் கைபேசிக்கு ஊருக்குள் சிக்னல் இல்லை. அழைப்பு வரும்போதெல்லாம் காரை எடுத்துக்கொண்டு மேட்டிலுள்ள மயானத்துக்கு ஓடுகிறான். கிழவியின் முகத்தைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. அவனோடு வந்தவர்களும் வெறும் குரல்கள்தான்.

மரணத்தைப் பற்றிய தியானம் என்று இந்தப் படத்தைச் சொல்வார்கள். இருக்கலாம். நான் பார்த்தது வேறு: ஒரு மனுஷி இன்னும் சாகவில்லையே என்று எரிச்சல்படும் விருந்தாளியை. பால் தேடிப் போன அவனுக்கு, நிலவறை இருட்டில் ஒரு பெண் மாடு கறந்து கொடுக்கிறாள். முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறான். விளக்கு வெளிச்சம் மாட்டின் மேல்தான் விழுகிறது. காட்டமாட்டேன் என்று மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதைக் கியரொஸ்தமி ஒப்புக்கொண்ட இடம் அது. அந்த ஒரு காட்சியிலிருந்து முழுப் படத்தைப் பற்றியும் எழுதினேன்.

படம் பற்றி எழுத விரும்பும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதையே சொல்கிறேன். உங்களுக்கும் படத்துக்கும் முட்டிக்கொள்ளும் ஒரு காட்சியைக் கண்டுபிடியுங்கள். அதில் யார் எங்கே நிற்கிறார்கள், வெளிச்சம் எங்கே, என்ன சத்தம் கேட்கிறது என்பதை முதலில் எழுதிவிடுங்கள். அபிப்பிராயம் பின்னால் வரட்டும். ‘நான் அழுதுவிட்டேன்’ என்று எழுதுவது தனிப்பட்ட பார்வை என்று பலர் நினைக்கிறார்கள். அழுகை எல்லோருக்கும் வரும். எதைக் கண்டு வந்தது என்பதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

சினிமா தெரியாதவர்களோடு சேர்ந்து பார்ப்பதும் நல்லது. லூக்கினோ விஸ்கொன்தியின் ‘லா தெர்ரா த்ரேமா’ 1948இல் வந்த படம். சிசிலியில் அச்சி த்ரேத்சா என்ற கடற்கரை ஊரில், அவ்வூர் மீனவர்களையே நடிக்கவைத்து எடுத்தார். மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து தப்ப ந்தோனி என்ற இளைஞன் வீட்டை ஈடுவைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகிறான். புயல் அவன் படகை முறித்துவிடுகிறது. கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்கிறான். இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். கரைவலையில் கிழடுதட்டிய ஒருவரைப் பக்கத்தில் இருத்திப் பார்த்தேன். எழும்பிப் போய்விடுவார் என்றிருந்தேன், போகவில்லை. முற்பணம் தந்தவனுக்கே மீனைக் கொடுக்கவேண்டிய கட்டு அவருக்கு விளக்கவேண்டிய சங்கதியா என்ன? மீனவர்கள் கோபத்தில் வியாபாரிகளின் தராசைத் தூக்கிக் கடலில் எறியும் இடத்தில் அவர் சிரித்தார். “தராச எறிஞ்சு என்ன தம்பி, விலைய எறிய ஏலுமா?” என்றார். படத்தின் பிற்பாதி முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில்தான். அவரிடம் ‘படம் எப்படி’ என்று நான் கேட்கவேயில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்பார்கள். ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்’ என்று கேட்டால்தான் வாய் திறக்கும்.

தொழில் தெரிந்தவன் விமர்சனம் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. ரொபர்ட் ஃபிளாஹெர்ட்டி 1934இல் எடுத்த ‘மேன் ஒஃப் அரன்’ அயர்லாந்தின் அரன் தீவுகளைப் பற்றிய ஆவணப்படம் என்று பேரெடுத்தது. அதில் வரும் சுறா வேட்டையை அந்தத் தீவார் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கைவிட்டிருந்தார்கள். படத்துக்காக அவர்களுக்குத் திரும்பப் பழக்கவேண்டியிருந்தது. குடும்பமாக நடித்தவர்களும் ஒரே குடும்பம் அல்ல. ‘பொய்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். முடித்தால் விமர்சனமும் அதோடு முடிந்தது. நான் எங்கள் கரையை நினைத்தேன். கரைவலைக் கயிறான கம்பாவை இழுக்க வின்ச் பூட்டிய டிராக்டர் வந்த இடங்களில், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு அடங்கிப்போனது. ஒருவர் கமெராவோடு வந்து, வின்சை நிறுத்திவிட்டுக் கையால் இழுத்துப் பாடிக்காட்டுங்கள் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் சந்தோஷமாகப் பாடுவார்கள். அதில் அவர்களுக்கும் ஒரு ஆசை உண்டு. அப்படியானால் அது யாருடைய பொய்? அரன் தீவாரும் படமெடுத்தவரும் தங்களுக்குள் செய்துகொண்ட அந்தப் பேரத்தைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

நிற்கும் இடத்தை வாசகருக்குச் சொல்லிவிடுவது இன்னொரு கடமை. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ (2011) தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றியது. தணிக்கையில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அனுமதி பெற்ற படம். அந்தக் கரையின் துயரம் உண்மையானது. நானோ இலங்கைக் கரையில் இருந்து பார்க்கிறேன். அங்கிருந்து வரும் இழுவைப் படகுகள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் ஆட்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவையைச் சட்டத்தால் தடைசெய்த பிறகும் நிற்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் நான் நடுநிலையானவன்போல் தெரிவேன், அவ்வளவுதான். அதற்காக அந்தப் படத்தை இந்தக் கணக்கால் அடிக்கவும் கூடாது. அது எடுத்துக்கொண்ட மனிதர்களுக்கு அது நேர்மையாக இருக்கிறதா என்பதை முதலில் சொல்லிவிட்டு, என் கரையை ஒரு பந்தியில் வைத்தேன்.

சில்லறைச் சங்கதிகள் சில. எதில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்; போன் திரையில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைப் புகழ்வது சரியில்லை. கதையை மூன்று வரிக்குமேல் சொல்லாதீர்கள். விருதைத் தலைப்பில் போடாதீர்கள். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ரொட்டர்டாமில் புலி விருது வாங்கியது என்பது உண்மை. ஆனால் தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கும் நேரத்தை உங்கள் கால் உணர்ந்ததா என்பதுதான் வாசகருக்கு வேண்டிய செய்தி. அவருடைய ‘கொட்டுக்காளி’யைக் காதில் ஹெட்போன் மாட்டிப் பாருங்கள். பின்னணி இசை இல்லாத படம்; ஓட்டோச் சத்தமும் சேவலும்தான் அங்கே இசை.

சிங்களப் படங்களை நம்மவர்கள் தள்ளிவைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். தர்மசேன பத்திராஜவின் ‘பம்பரு எவித்’ 1978இல் வந்தது. நகரத்துப் பணக்கார வாலிபன் மீனவ ஊருக்குத் தொழில் நடத்த வந்து, ஊரையே கலக்கிவிட்டுப் போகும் கதை. எங்கள் கரைகளை அறிந்தவர்களுக்கு இதில் சப்டைட்டில் பாதிதான் வேண்டும்.

மிகக் கடினம் உள்ளூர்க் குறும்படம்தான். பெடியன்கள் ட்ரோனை ஏற்றிக் கடலையும் களப்பையும் ஒரே காட்சியில் காட்டிவிட்டு, எப்படி அண்ணே என்பார்கள். அழகாகத்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் யார் சம்மாட்டி, யார் கூலிக்கு இழுப்பவன் என்று தெரியாது. அதை எழுதிக் கொடுப்பேன். பாராட்டைப் பொதுவாகவும் குறையை எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பாகவும் எழுதுவது வழக்கம். நான் இரண்டுக்கும் நிமிடம் போடுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லமுடியாத வரியை வெட்டிவிடுகிறேன். நாளைக்கும் அவன் வீட்டுத் தோணி வரும் கரையில்தானே நான் மீன் வாங்கவேண்டும்.