தமிழில் பேசும் கூட்டமா என்று கேளுங்கள்

பாகான் டத்தோவில் யாருடைய மோட்டார் எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பது மறுநாள் காலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். குடிக்கிற காலத்தில் அதைப் பற்றிக் கவலைப்படாத நாம், குடியை விடுவதற்கு உதவி தேடும்போது மட்டும் கூசிப் போகிறோம். நான் குடிநோயாளி. ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போய்த்தான் குடியை விட்டேன். பெயர் போடாமல் எழுதுவது அங்கே உள்ள வழக்கம்.

கூசுவதற்கு என்ன இருக்கிறது? நம் தாத்தா காலத்துத் தோட்டங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தது போலக் கள்ளுக்கடையும் இருந்தது. 1941ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்குப் பிறகு சம்சு என்கிற சாராயம் வந்தது. இத்தனை காலமாக நம் லயங்களைத் தின்ற ஒரு நோய்க்கு மருந்து தேடுகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

முதலில் டாக்டரைப் பாருங்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரும் போகலாம். சாமி முன்னால் கயிறு கட்டிக்கொண்டு அன்றைக்கே நிறுத்தியவர் வலிப்பில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள். தேவைப்பட்டால் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தே பலர் கிளினிக் பக்கம் போவதில்லை. 1911 முதல் மனநோய்க்கு வைத்தியம் பார்த்துவரும் ஆஸ்பத்திரி அது. அங்கே அனுப்பினாலும் சிகிச்சைக்குத்தான் அனுப்புகிறார்கள்.

அடுத்தது கூட்டம். ஏ.ஏ. மலேசியாவுக்குப் போன் செய்யும்போது ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, 'தமிழில் பேசும் கூட்டம் பக்கத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். மலாய் எனக்குச் சரளமாக வரும், இங்கிலீஷும் சமாளிப்பேன். ஆனால் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது நான் போதையில் நின்றதை வேறு எந்த மொழியிலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொல்லாதவரை எனக்கு நெஞ்சு ஆறவில்லை. தமிழ்க் கூட்டம் தள்ளி இருந்தாலும் போய்ச் சேருங்கள்.

இந்த வாரம் கூட்டம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழா, பெருநாள் சமயத்தில் நேரம் மாறும். வீட்டுக்காரரோ அக்கா தம்பியோ கூட வருவதாக இருந்தால், அது திறந்த கூட்டமா என்று விசாரியுங்கள். மூடிய கூட்டத்தில் குடியை விட நினைப்பவர்கள் மட்டும்தான் உட்காரலாம்.

கூட்டம் சர்ச் மண்டபத்தில் என்றதும் என் மனைவிக்குச் சந்தேகம், "மதம் மாத்திடுவாங்களா?" என்றாள். மண்டபம் சும்மா கிடக்கும் நேரத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. அங்கே கடவுள் என்று சொல்வார்கள். நீங்கள் முனியாண்டியை நினைத்துக்கொள்ளலாம். கட்டணமும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். இருந்தால் போடலாம், புதிதாக வந்தவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

முதல் நாள் பேச வேண்டிய கட்டாயமில்லை. எனக்கு நீட்டிய தேநீரை வாங்கினால் கை ஆடிச் சிந்திவிடும் என்று வேண்டாம் என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பெரிய கோப்பையில் பாதி மட்டும் ஊற்றி, பிடிக்க வசதியாகக் கைப்பிடியை என் பக்கம் திருப்பி முன்னால் வைத்தார். அவருக்கும் ஒரு காலத்தில் கை ஆடியிருக்கிறது. கை ஆடுகிறவரின் கூச்சம் டாக்டரைவிட அந்த அறைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பதறாதீர்கள். நீங்கள் எதற்கு வந்தீர்களோ அதற்கேதான் அவரும் வந்திருக்கிறார். உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பதை அங்கே உறுதியாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். கிளம்புவதற்குள் இரண்டு பேருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பள நாள் சாயங்காலம் குடிக்கத் தோன்றும்போது அது வேண்டும். ஏ.ஏ. தொடங்கியதே அப்படி ஒரு போனில்தான். 1935 மே மாதம் அமெரிக்காவில் அக்ரன் நகரத்து ஹோட்டலில், வியாபாரம் கைவிட்டுப்போன பில் என்பவருக்குக் குடிக்க வேண்டும் போல் இருந்தது. பாருக்குள் போகாமல், தன்னைப் போல் இன்னொரு குடிகாரரைத் தேடிப் போன் போட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப். இருவரும் பேசிப் பேசியே குடிக்காமல் இருந்தார்கள்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். 1951ல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கென்றே உள்ளது. கூட்டத்துக்குப் போக வண்டி இல்லை, தோட்டத்துக்குள் பஸ் வராது என்றால் ஏ.ஏ.வுக்குப் போன் செய்யும்போது அதையும் சொல்லுங்கள். குடியை விட்ட ஒருவர், அந்தப் பக்கம் வருகிறவராக இருந்தால், வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போவார். என்னை அப்படித்தான் ஒருவர் கூட்டிப் போனார்.