நடுங்கும் கருவியும் வெளுக்கும் விரலும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெட்போர்டு என்றோர் ஊர் உண்டு. சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர் பெற்றது. அங்கே கல் செதுக்குவோர் காற்றழுத்தச் சுத்தியலைக் கையாளத் தொடங்கிய பின், குளிர்காலக் காலை வேளைகளில் அவர்தம் விரல்கள் வெளுத்து மரத்துப் போயின. 1918-ல் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையார் நேரிற் சென்று இதனை ஆராய்ந்தார். சுத்தியலைப் பிடித்த வலக்கையைவிட, உளியை இறுகப் பற்றிய இடக்கையே பெரிதும் கெட்டிருந்தது. அதிர்வு, இறுகிய பிடி, குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த கேடு இது.

விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கொள்வதால் வெளுப்பு உண்டாகிறது. நரம்பும் கெடுகிறது. முதலில் விறுவிறுப்பு, பின்னர் மரத்துப் போதல், முற்றினால் சட்டைப் பொத்தானைப் போடுவதும் அரிதாகும். முற்றிய நிலையில் நரம்புக் கேடு திரும்புவதில்லை. ‘நம்முடையது வெப்ப நாடாயிற்றே!’ என்று சிலர் சொல்லக்கூடும். வெப்ப நாடுகளில் வெளுப்பு குறைவுதான். ஆனால் நரம்புக் கேடு அங்கும் காணப்படுகிறது. வெளுக்கவில்லையே என்று இருந்துவிடுவதில்தான் அபாயம். வட இந்தியாவின் தை மாதக் குளிரில் சாலை உடைப்பவருக்கோ அந்த ஆறுதலும் இல்லை.

இனி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அதிர்வை முடுக்கத்தால் அளப்பார்கள். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 2.5 அலகைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 அலகைத் தாண்டவே கூடாது என்பது 2002-ல் வந்த ஐரோப்பிய விதி. (ஓர் அலகு என்பது விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர்.) 10 அலகு அதிரும் கருவியைப் பிடித்தால் அரை மணியில் முதல் எல்லையும், இரண்டு மணியில் மேல் எல்லையும் வந்துவிடும். அதே கருவியின் அதிர்வைப் பாதியாக்கிவிட்டால்? முதல் எல்லைக்கு இரண்டு மணி; மேல் எல்லைக்கு எட்டு மணி. பாதி குறைத்தால் நேரம் நான்கு மடங்கு! நேரத்தை மட்டும் பாதியாக்கினாலோ, அளவு மூன்றில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஆகவே, ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவதைவிடக் கருவியைத் திருத்துவதே மேல் என்பேன்.

இதற்குச் சான்றும் உண்டு. காடுகளில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தில், எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் இடையே ரப்பர்த் தாங்கிகள் வைக்கப்பட்டன; பின்லாந்து போன்ற நாடுகளில் நோய் வெகுவாகக் குறைந்தது. பெட்போர்டிலோ 1978-ல் மீண்டும் சோதித்தபோது, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழப் பழைய நிலையே! காரணம் கேட்பானேன்? அதே மாதிரிச் சுத்தியல், அதே பிடி.

கையுறை போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வேகமான நடுக்கத்தை அது ஓரளவு தடுக்கும். சுத்தியல், சாலை உடைக்கும் கருவி முதலியவற்றின் மெதுவான பேரதிர்வுக்கு அது அநேகமாகப் பயன்படாது. ஆனால் கைக்குச் சூடு தரும், அதற்காகப் போடலாம். தளர்ந்த பிடியும், இடையிடையே ஓய்வும், புகைபிடியாமையும் துணை செய்யும்.

நம்மில் பலர் நாளை பட்டறைகளுக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருக்கப் போகிறவர்கள். விலையோடு அதிர்வின் அளவையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கைப்புத்தகத்தில் உள்ள அளவு சோதனைக்கூடத்தில் எடுத்தது. மழுங்கிய உளியும் தேய்ந்த சக்கரமுமாக வேலை நடக்கும் இடத்தில் உண்மை அளவு அதைவிட மிகுதியாகவே இருக்கும்.