பனிநிலத்து நாய்களும் நீலமலையும்

சென்னை வெயிலில் சைபீரிய ஹஸ்கி நாயை வளர்ப்பது கொடுமை என்று கருதுவோரும், உதகையில் அதனை வளர்ப்பதைக் குறைகூறுவதில்லை. ‘அங்குதான் குளிர் இருக்கிறதே’ என்பது அவர்தம் விடை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், மார்கழி, தை மாதங்களில் புல்வெளிகள் உறைபனியால் வெளுப்பது உண்மையே. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு நடைபெறும் நாய்க் கண்காட்சியில் அடர்மயிர் நாய்களைச் சுற்றுலாப் பயணியர் வியந்து நோக்குவதும் உண்டு. எனினும், பனிநிலத்து விலங்குக்குக் குளிர் ஒன்றே போதுமா என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய வினாவாகும்.

ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவில் வாழும் சுக்கி மக்கள் பேணி வளர்த்த நாய்வழி வந்தது. பனிவண்டியை நெடுந்தொலைவு இழுப்பதே அதன் தொழில். 1925-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவுக்கு மருந்தைக் கொண்டுசேர்த்தவை இத்தகைய பனிவண்டி நாய்களே. அத்தொழிலுக்கேற்ப அதன் உடலில் இரண்டு மயிரடுக்குகள் அமைந்துள்ளன. பஞ்சு போன்ற உள்மயிர் உடல்வெப்பத்தைக் காக்கிறது; நீண்ட மேல்மயிர் பனியையும் ஈரத்தையும் தடுக்கிறது.

இம்மயிர் எப்போது உதிர வேண்டும் என்பதைக் குளிர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பகற்பொழுதின் நீளமே அதில் பெரும்பங்கு வகிக்கிறது. வடதுருவ வட்டத்தை ஒட்டிய நிலத்தில் கோடையில் கதிரவன் மறைவதே அரிது. குளிர்காலத்தில் அது தோன்றுவதே அரிது. அம்மாற்றத்தை உணரும் நாயின் உடல், இளவேனிலில் உள்மயிரைக் கொத்துக்கொத்தாக உதிர்த்துப் பின்னர்ப் புதுப்பிக்கிறது. உதகையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேர அளவே. வீட்டு மின்விளக்கொளியும் இதனுடன் சேரும்போது, பருவத்தின் அறிகுறி மேலும் மங்கிவிடுகிறது. எனவே, மயிருதிர்வு ஓரிரு பருவங்களில் முடியாமல் ஆண்டு முழுவதும் நீளக்கூடும். கம்பளியிலும் சோற்றுத்தட்டிலும் மயிர் கிடப்பதைக் கண்டு சலிப்போர், நாள்தோறும் சீவிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். சிலர் மயிரை அடியோடு மழித்துவிடுவர். அது தவறு. அந்த மயிரே வெயிலின் தாக்குதலிலிருந்தும் தோலைக் காக்கிறது. மழித்தபின் அது பழையபடி வளராமல் போவதும் உண்டு.

பனியினும் மழையே நீலகிரியில் பெருந்துன்பம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மூடுபனியும் தூறலும் நாள்கணக்கில் விலகுவதில்லை. சைபீரியாவின் உலர்ந்த பனியை உதறிவிடலாம். உள்மயிரில் ஊறிய ஈரத்தை உதற இயலாது. அது சிக்குண்டு, தோலில் புண்ணும் பூஞ்சைத் தொற்றும் தோன்ற இடமளிக்கிறது.

மயிரையாவது சீவலாம், வேட்டையுணர்வைச் சீவி எறிய முடியுமா? சுக்கி மக்கள் கோடையில் நாய்களை அவிழ்த்துவிட, அவை தாமே இரைதேடி உண்டன என்பர். தேயிலைச் செடிகளினூடே முயலொன்று பாய்ந்தால், அழைத்த குரலுக்கு ஹஸ்கி திரும்புவது அரிது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் தோட்டத்தின் எல்லை, பல இடங்களில் காட்டின் எல்லையுமாகும். முயலைத் துரத்திய நாய் அடுத்த வளைவில் காட்டெருமையை எதிர்கொள்ளலாம். இரவில் அவிழ்த்துவிடப்பட்ட நாயோ சிறுத்தைக்கு எளிய இரை. தடுப்பூசி போடாத நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர், வெறிநோய் ஆகியன செந்நாய்க்கும் நரிக்கும் பரவும் தீங்கும் உண்டு. செந்நாயோ உலக அளவிலேயே அருகிவரும் விலங்கு.

அயல்நாட்டு நாய் இம்மலையில் வேட்டைக்குப் பாய்வது புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் உதகை வேட்டைக் குழுவினர், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்த நாய்களைக் கொண்டு வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வேட்டையாடினர். இங்கிலாந்தின் செந்நிறக் குள்ளநரி இங்கு இல்லாமையால் நம் நரிகளைத் துரத்தினர்! அந்நாய்கள் மனிதர் ஏவத் துரத்தியவை. ஹஸ்கிக்கு ஏவுவோர் தேவையில்லை.

2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஆவணம், இங்குள்ள தட்பவெப்பத்திற்குப் பொருந்தாத இனங்களுள் சைபீரிய ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட், செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றையும் குறித்திருந்தது. ஆயினும், முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட நாயைத் தெருவில் விடுவது தீர்வாகாது. அதற்கு உயர்ந்த வேலி வேண்டும்; வேலிக்கடியில் குழிதோண்டி வெளியேறும் இயல்பும் அதற்குண்டு என்பதால், அடிப்பகுதியும் உறுதியாயிருத்தல் வேண்டும். மழையில் நனைந்தால் வேர்க்கால்வரை உலர்த்த வேண்டும். தோட்டப் பாதையில் எத்தனை பழகிய நாயாயினும் அதன் வார் கையிலிருக்க வேண்டும்; பொழுது சாயுமுன் அது வீட்டினுள் இருக்க வேண்டும்.